சாட்சியும் காட்சியும்: மணமேடையில் புகைப்படக்காரரின் இடம்

திருமணத்திற்குப் புகைப்படக்காரரை அமர்த்தும் குடும்பம் அவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது, மேலோட்டமாகப் பார்த்தால், கூலியும் அட்வான்ஸும் ஆல்பத்தின் பக்கக் கணக்கும் சார்ந்த வணிகக் கேள்வியாகவே தோன்றும். ஆயினும் அந்த எதிர்பார்ப்பை நெருங்கிப் பார்க்கும்போது, அதனுள் மூன்று வேண்டுதல்கள் பின்னிக் கிடப்பது புலப்படும். நடந்ததற்கு ஒரு சான்று வேண்டும் என்பது முதலாவது. வர இயலாதவர்களும் இனிப் பிறக்கவிருப்பவர்களும் அதைக் காண வேண்டும் என்பது இரண்டாவது. அன்று மனம் உணர்ந்தது மறையாமல் நிலைக்க வேண்டும் என்பது மூன்றாவது. சமய மரபின் சொற்களில் இவற்றை முறையே சாட்சி, காட்சி, நினைவு என்று குறிக்கலாம். ஒரே கருவியிடம், ஒரே கூலிக்கு, இம்மூன்றையும் கேட்பதிலிருந்தே பின்னாளைய மனக்குறைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. ஆகவே, இம்மூன்றில் எது கேமராவுக்கு உரியது, எது உரியதன்று என்று பிரித்தறிவது, சடங்கு என்பதன் இயல்பைப் பற்றிய தத்துவ விசாரணையாகவும் பேரம் பேசுமுன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய நடைமுறையாகவும் ஒருசேர அமைகிறது.

இவ்விசாரணைக்குச் சென்னையின் மேற்குப் புறநகர் இரு காரணங்களால் பொருத்தமான நிலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய பகுதி இது என்பதால், பாடியிலிருந்து திருவள்ளூர் நோக்கிச் செல்லும் சி.டி.எச். சாலையிலும் பூந்தமல்லியைச் சுற்றிய சாலைகளிலும் உள்ள கல்யாண மண்டபங்களில் நடக்கும் திருமணங்களுக்கு, சொந்த ஊரில் முதுமையால் முடங்கியவர்களும் வெளிநாட்டில் விடுப்புக் கிடைக்காதவர்களுமாகச் சிலர் வராமல் போவது வழக்கமாகிவிட்டது. மற்றொரு காரணம், இந்நிலத்தின் பழைய சிவத்தலங்களான திருவேற்காடு, திருமுல்லைவாயில், திருநின்றவூர் ஆகிய மூன்றும், காணுதல் என்றால் என்ன என்ற கேள்விக்குத் தத்தம் தலவரலாறுகளின் வழியே விடை சொல்லி வைத்திருக்கின்றன என்பது.

சாட்சி

'சாட்சி' என்ற வடசொல்லுக்கு 'நேரே கண்டவர்' என்பது பொருள்; பழந்தமிழில் இதற்குக் 'கரி' என்ற சொல் வழங்கியது. தொல்காப்பியத்தின் கற்பியல், மக்களிடையே பொய்யும் பிழையும் தலையெடுத்த பின்னரே பெரியோர் கரணத்தை, அதாவது திருமணச் சடங்கு முறையை, வகுத்தனர் என்கிறது. சடங்கின் தேவையே சாட்சியின் தேவையிலிருந்து பிறந்தது என்பது இதன் உட்கிடை. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் படைத்த தலைவி, களவில் தன்னை மணந்தவன் சொல் தவறிவிட்டால் என்ன செய்வது என்று கலங்கும்போது, அவ்வேளையில் அங்கு வேறு எவரும் இல்லை என்றும், ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது என்றும் நினைவுகூர்கிறாள். குருகுக்குக் கண் உண்டு; அது நிகழ்ச்சிக்கு மிக அருகிலும் இருந்தது; ஆனாலும் அதன் கருத்து மீனில் இருந்தது, கேட்டால் சொல்ல அதற்கு வாயும் இல்லை. அருகிலிருப்பதும் கண்ணுடைமையும் மட்டுமே ஒன்றைச் சாட்சியாக்கிவிடா என்ற நுட்பத்தை அச்சங்கப் பாடல் அந்தப் பறவையைக் கொண்டே உணர்த்திவிடுகிறது.

திருமண முறைகள் காலந்தோறும் மாறியிருப்பினும், சாட்சி வேண்டும் என்ற நெறி மாறவில்லை. வைதிகச் சடங்கில் அக்கினி சாட்சி. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் காட்டும் திருமணங்களில் தீ வலம் வருதல் இல்லை, கூடிய சுற்றமே சாட்சி. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு 1967இல் செய்த திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, சுயமரியாதைத் திருமணங்களுக்கு ஏற்பு வழங்கியபோது, புரோகிதரையும் தீயையும் தவிர்த்ததே தவிர, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்க வேண்டும் என்பதைத் தவிர்க்கவில்லை. 1872ஆம் ஆண்டின் கிறித்தவத் திருமணச் சட்டம் இரு சாட்சிகளை வேண்டுகிறது. இசுலாமிய நிக்காஹ்வுக்கும் இரு சாட்சிகள் வேண்டும். இவை அனைத்திலும் பொதுவாக நிற்பது ஒன்றே: சாட்சி என்பவர், நாளை அழைத்துக் கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றவர்.

இப்பொறுப்பின் உச்சத்தைக் காட்டுவது கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தின் வரலாறு. அங்கே வணிகன் ஒருவனை மணந்த பெண்ணை, மதுரையில் அவனுடைய மூத்த மனைவி, உன் திருமணத்திற்குச் சாட்சி உண்டா என்று கேட்டு இழித்துரைக்க, அவள் இறைவனை வேண்ட, மணம் நடந்த இடத்திலிருந்த வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் மதுரைக் கோயிலில் வந்து தோன்றின என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. திருப்புறம்பயத்து இறைவனுக்குச் சாட்சிநாதர் என்ற பெயரும் வழங்குகிறது. மரமும் கிணறும் வாயற்றவை என்பதில் குருகை ஒத்தவையே. எனினும் அவை அப்பெண்ணுக்காக இடம்பெயர்ந்து வந்தன என்பதால் சாட்சியாயின. கண்டதற்காக வந்து நிற்கும் கடப்பாடே சாட்சியின் உயிர் என்பது இக்கதையின் தீர்ப்பு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கேமரா குருகின் பக்கத்தில் நிற்பது தெளிவாகும். சட்டமும் இதை ஏறத்தாழ இவ்வாறே கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சான்றுச் சட்டத்தில் மின்னணுப் படம் ஆவணம் என்ற வகையில்தான் இடம்பெறுகிறது. அதன் 63ஆம் பிரிவின்படி அத்தகைய மின்னணுப் பதிவை முன்வைக்கும்போது அது உருவான கருவியையும் முறையையும் பற்றி மனிதர் கையெழுத்திட்ட சான்றிதழும் உடன் வர வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம்; ஆவணம் கேள்விக்குப் பதில் சொல்லாது, அதற்காக வேறொருவர்தான் பேச வேண்டும். உரிய சடங்கு நடைபெறாதபோது பதிவுச் சான்றிதழ் மட்டுமே இந்துத் திருமணத்தை உண்டாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. சான்றிதழுக்கே அந்த ஆற்றல் இல்லாதபோது, ஆல்பத்திற்கு அது எங்கிருந்து வரும்?

இத்தனையும் தெரிந்தே இருப்பினும், முகூர்த்த வேளையில் மேடையின் இட ஒதுக்கீடு இதற்கு நேர்மாறாக அமைவதை இன்றைய மண்டபங்களில் காணலாம். விடியற்காலை முகூர்த்தம், ஓமப் புகை மேலெழுகிறது, தட்டில் வைத்த தாலி பெரியோர் கைதொட்டு வாழ்த்துவதற்காக வரிசைதோறும் சென்று திரும்புகிறது, நாதசுரக்காரர் கண் மேடையில் இருக்கிறது, கெட்டிமேளம் என்ற குரல் எழுந்ததும் தவில் முழங்குகிறது, எல்லோர் கையிலும் அட்சதை இருக்கிறது. அந்தக் கணத்தில் மணமக்களுக்கும் அவைக்கும் இடையே ஸ்டில் கேமராக்காரர், வீடியோக்காரர், ஜிம்பல் என்னும் அசைவு தாங்கியைப் பிடித்தவர், விளக்கை உயர்த்தியவர் என நால்வர் நிற்க, முதல் வரிசையில் அமர்ந்த பாட்டி தன் பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைக் காண வேண்டுமானால், தலையைத் திருப்பி, பக்கவாட்டில் வைத்த எல்இடி திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அட்சதை முதலில் விழுவது கேமராக்காரர்களின் முதுகில். முதல் முடிச்சை மணமகன் இட்டு, மற்ற முடிச்சுகளை நாத்தனார் இடுவதற்குள், அப்படியே கொஞ்சம் பிடியுங்கள், இங்கே பாருங்கள் என்ற குரலும் எழுந்துவிடுகிறது.

இங்கே நடப்பது வெறும் இடையூறு என்று கொள்வது போதாது. சாட்சியாக அழைக்கப்பட்ட அவை, சாட்சியாகும் வாய்ப்பை அந்த ஒரு நிமிடத்தில் இழக்கிறது. அழைப்பிதழ் கொடுத்து, கைகூப்பி, குடும்பத்தோடு வரவேண்டும் என்று வேண்டி வரவழைத்தவர்களின் பார்வையை, பதில் சொல்லும் பொறுப்பு ஏதுமில்லாத கருவிக்காக மறைப்பது சடங்கின் அடிப்படையையே தலைகீழாக்குவதாகும். தாலி கட்டுவதை நிறுத்திவைக்கச் சொல்வதும், கட்டி முடித்தபின் கட்டுவதுபோல் மீண்டும் கையை வைக்கச் சொல்வதும் இதைவிட நுட்பமான பிழைகள். முன்னது சடங்கின் காலத்தைக் கருவியின் காலத்திற்கு அடிமையாக்குகிறது, பின்னது சடங்கை நடிப்பாக்குகிறது. ஆகவே புகைப்படக்காரரோடு முதலில் பேசி முடிக்க வேண்டியது விலையன்று, நிற்கும் இடம்: தாலி கட்டும் வேளையில் எத்தனை பேர் மேடையேறுவார்கள், எந்தப் பக்கம் நிற்பார்கள், எந்தக் காரணத்திற்காகவும் சடங்கை நிறுத்தச் சொல்லமாட்டார்கள் என்பவை. தொழில் தெரிந்தவர் பக்கவாட்டிலிருந்தும், தொலைவை அருகே கொணரும் லென்ஸைக் கொண்டும் இதை இயல்பாகச் செய்துவிடுவார். செய்ய இயலாது என்பவரை முன்கூட்டியே அறிந்துகொள்வதும் நன்மையே.

காட்சி

கேமரா சாட்சியாகாது எனில் அதற்கு உரிய இடம் எது என்ற கேள்விக்குத் திருவேற்காடு விடை தருகிறது. கயிலையில் சிவபெருமானுக்கும் உமைக்கும் திருமணம் நடந்தபோது, அனைவரும் அங்கே திரண்டதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, உலகைச் சமன்செய்யும்படி அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்பதும், திருமணத்தைக் காண இயலாத அவருக்கு இறைவன் தென்னாட்டுத் தலங்களில் மணக்கோலம் காட்டினார் என்பதும் சைவ மரபு வழங்கும் வரலாறு. அவ்வாறு காட்சி தந்த தலங்களுள் ஒன்றாகத் திருவேற்காட்டு வேதபுரீசுவரர் கோயில் போற்றப்படுகிறது. அதன் கருவறையில் இலிங்கத்தின் பின்னே இறைவனும் இறைவியும் மணக்கோலத்தில் விளங்குகின்றனர். தேவி கருமாரியம்மன் கோயிலால் இன்று பரவலாக அறியப்படும் இவ்வூர், அதற்கும் முன்பே, திருமணத்திற்கு வர இயலாத ஒருவருக்குத் திருமணம் காட்டப்பட்ட ஊர்.

அகத்தியர் வராதது அலட்சியத்தால் அன்று. வேறோரிடத்தில் அவர் ஆற்ற வேண்டிய கடமை இருந்தது. ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காத தொழிலாளியும், எல்லைப் பணியில் இருக்கும் படைவீரரும், மருத்துவமனையில் உறவினருக்குத் துணை இருப்பவரும் அவருடைய வழித்தோன்றல்களே. அவர்கள் இடத்தால் வராதவர்கள். இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காலத்தால் வராதவர்கள். இந்த இருவகை வராதவர்களுக்கும் காட்சியை எடுத்துச் செல்வதே புகைப்படக்காரரின் ஊழியம். திருமணப் படம் யாருக்காக என்ற கேள்விக்கு, வந்தவர்களுக்காக என்பதோ, மணமக்களை நாயகன் நாயகியாகக் காட்டுவதற்காக என்பதோ முதல் விடையாகாது. வராதவர்கள் யார், அவர்கள் எதைக் காண ஏங்குவார்கள் என்ற எண்ணத்திலிருந்து தொடங்கினால், எத்தனை படம், எவ்வகைப் படம் என்ற கணக்குகள் தாமாகவே ஒழுங்குபெறும்.

காட்டுதல் என்ற செயலைச் சைவ சித்தாந்தம் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞான போதத்தின் 11ஆம் சூத்திரத்தில், கண்ணுக்கு உயிர் செய்யும் உதவியை உவமையாக்கி, உயிருக்கு இறைவன் செய்யும் உதவியை விளக்குகிறார். கண் தானாக எதையும் காண்பதில்லை. உயிர் அதனைப் பொருளின்மேல் செலுத்த வேண்டும், செலுத்தியபின் கண்ணோடு ஒன்றி நின்று தானும் காண வேண்டும். செலுத்துவதைக் காட்டும் உபகாரம் என்றும், உடன் நின்று காண்பதைக் காணும் உபகாரம் என்றும் சித்தாந்திகள் வழங்குவர். இரண்டும் கூடாதவிடத்து, விழித்த கண்ணும் காணாக் கண்ணே. இந்த உவமையை ஓர் அடி இறக்கிக் கேமராவுக்குப் பொருத்தினால், கேமராவுக்கு உயிராய் நின்று அதனைச் செலுத்துபவர் புகைப்படக்காரர் என்றாகும். ஆனால் அவரோ அந்தக் குடும்பத்திற்கு அயலவர். மேடையில் நிற்கும் இருபது பேரில் தாய்மாமன் யார், பதினைந்து ஆண்டுக்குப் பின் பகை மறந்து வந்த சித்தப்பா யார், மணமகளை வளர்த்த அத்தை எந்தத் தூணருகே கண் துடைத்துக்கொண்டு நிற்கிறார் என்பவை அவருக்குத் தெரியா. காட்டும் திறன் அவரிடம் உண்டு. உடன் நின்று காணும் அறிவு வீட்டாரிடம்தான் உண்டு.

எனவே, நல்ல படம் வேண்டும் குடும்பம் செய்யத்தக்க பயனுள்ள ஒரு செயல், விலையுயர்ந்த கருவியைத் தேடுவதைக் காட்டிலும், இருதரப்பு உறவையும் அறிந்த ஒருவரைப் புகைப்படக்காரருடன் இருக்கச் செய்வதும், தவறாமல் இடம்பெற வேண்டியவர்களின் பட்டியலை முந்தைய நாளே கையில் கொடுப்பதும் ஆகும். தொழிலில் இருவகைப் படங்களைப் பிரித்துச் சொல்வார்கள்: உறவினரை வரிசையாக நிறுத்தி, கேமராவைப் பார்க்கச் செய்து எடுப்பது 'ட்ரடிஷனல்', அறியாமல் இருக்கும்போது இயல்பாக எடுப்பது 'கேண்டிட்'. பின்னது உயர்ந்தது, முன்னது பழையது என்ற எண்ணம் இன்று பரவியிருப்பினும், காலத்தால் வராதவர்களின் நோக்கில் பார்த்தால், முகம் நேராகத் தெரியும்படி எல்லோரும் நின்ற அந்தப் பழைய முறைப் படமே, இவர் உன் கொள்ளுத்தாத்தா என்று விரல் வைத்துக் காட்ட உதவும். இயல்புப் படமோ, கொள்ளுத்தாத்தா எப்படிச் சிரிப்பார் என்பதைச் சொல்லும். இரண்டும் வேண்டும், இரண்டையும் ஒரே ஆள் ஒரே வேளையில் செய்ய இயலாது என்பதால், எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கேட்டறிவதும் வேண்டும்.

ஊழியம் என்று கொண்டபின், அதன் நிபந்தனைகளை எழுத்தில் கொள்வது ஐயத்தின் அடையாளமாகாது. இருதரப்பு மதிப்பையும் காக்கும் வழி அது. நல்ல முகூர்த்த நாளில் பல திருமணங்களை ஒப்புக்கொள்ளும் ஸ்டூடியோ தன் சார்பில் வேறொருவரை அனுப்பக்கூடும் என்பதால், மாதிரி ஆல்பத்தில் காட்டிய படங்களை எடுத்தவரே வருவாரா என்பது முதற்கேள்வியாகும். அழகான இருபது படங்களைத் தேர்ந்து காட்டுவது எவருக்கும் எளிது. ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்த்தால்தான் இருண்ட மண்டபத்திலும் கூட்ட நெரிசலிலும் அவர் கை எப்படி இயங்கும் என்பது தெரியும். படங்கள் உடனுக்குடன் இரண்டிடங்களில் சேமிக்கப்படுமா, எத்தனை மாதத்தில் ஆல்பம் கிடைக்கும், மூலப் படங்கள் தரப்படுமா என்பவையும் கேட்கத்தக்கன. ஆல்பத்திற்குரிய படங்களைத் தேர்ந்து தருவதில் வீட்டார் செய்யும் தாமதத்திற்கு அவர் பொறுப்பல்லர் என்பதும் உணரத்தக்கது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணம் கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டபடி எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே என்கிறது; கையெழுத்திடும் தாளில் மாறாக ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது நன்று. இதற்கு ஈடாக, நள்ளிரவு தாண்டி வரவேற்பு முடித்து விடியலுக்குமுன் மீண்டும் நிற்கும் அவருக்குப் பந்தியில் இலை போட ஒருவரைப் பொறுப்பாக்குவது வீட்டாரின் கடன். கடைசிப் பந்தியில் சோறு மட்டும் மிஞ்சிய இலைமுன் அமர்வது பல மண்டபங்களில் புகைப்படக்காரரின் விதியாக இருக்கிறது.

காப்பு

காட்டுவது கடமை எனில், காட்டாமல் விடுவதற்கும் ஒரு நெறி உண்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலில், தொண்டைமான் தன் யானையின் காலைச் சுற்றிய முல்லைக் கொடியை வாளால் வெட்டியபோது, கொடிக்குள் மறைந்திருந்த இலிங்கத்தின்மேல் வாள் பட்டுக் குருதி பெருகியது என்பது தலவரலாறு. மாசிலாமணீசுவரர் என்று வழங்கும் அந்த இறைவன், அவ்வடுவின் காரணமாக, சந்தனக் காப்பு சாத்தப்பட்டே காட்சி தருகிறார். ஆண்டுக்கொருமுறைதான் அக்காப்புக் களையப்படுகிறது. வெட்டுப்பட்ட பெருமானுக்கு 'மாசு இல்லாத மணி' என்று பெயர் அமைந்திருப்பதும், அவ்வடு மறைக்கப்பட்டே வழிபடப்படுவதும், மறைத்தல் பொய்யாகாது, அன்பின் ஒரு வடிவமாகும் என்று சொல்லாமல் சொல்கின்றன.

திருமண வீட்டிலும் சந்தனக் காப்புக்கு உரிய கணங்கள் உண்டு. சீர் வரிசையைக் குறித்து எழுந்த முணுமுணுப்பு, மணமகளின் தந்தை தனியே நின்று விம்மும் நேரம், ஒப்பனை கலைந்து களைத்த முகங்கள், சாப்பிடும் வாய்கள் முதலியவற்றைக் கேமரா கூச்சமின்றிப் பதியும்; அவற்றுள் எவை வெளியே செல்லும் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் மனிதர். புகைப்படக்காரர் தம் தொழிலுக்கு விளம்பரமாகச் சமூக வலைத்தளங்களில் படங்களை இடுவது இன்று வழக்கமாதலால், எவற்றை இடலாம், யாருடைய இசைவுக்குப் பின் இடலாம் என்பது முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். படமெடுப்பதைச் சமயக் காரணத்தாலோ சொந்த விருப்பத்தாலோ தவிர்க்கும் உறவினரை வற்புறுத்தாமையும் இதில் அடங்கும். கோயிலில் நடக்கும் திருமணங்களில் மூலவரைப் படமெடுக்க இடமில்லை என்பது வழக்கு. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வானிலிருந்து படமெடுக்கும் ட்ரோனுக்கும் இத்தகைய எல்லை உண்டு: 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்துள்ளமையால், படைத்துறை நிறுவனங்கள் நிறைந்த ஆவடியில் ட்ரோன் பறக்கும் என்று வாக்களிப்பவர், அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

நினைவு

மூன்றாவது எதிர்பார்ப்பு, அதாவது அன்றைய உணர்வு அப்படியே நிலைக்க வேண்டும் என்பது, கேமராவால் நிறைவேற்ற இயலாதது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். ஒரு நொடியை 125 பங்காக்கி, அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விட்டு ஒரு படம் எடுக்கப்படுகிறது என்று கொண்டால், ஆயிரம் படங்கள் கொண்ட தொகுப்பில் அடங்கியிருக்கும் மொத்தக் காலம் எட்டு நொடி. இரண்டு நாள் விழாவில் எட்டு நொடியைக் கொண்டுவந்து தருபவரிடம், இரண்டு நாளும் ஏன் இதில் இல்லை என்று கேட்பது முறையாகாது. பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம் என்ற எல்லை இருந்ததால், எடுக்குமுன் தேர்வு நடந்தது. இன்று எல்லை இல்லாததால், எடுத்தபின் தேர்வு நடக்கிறது அல்லது நடக்காமலே ஹார்டு டிஸ்கில் உறங்குகிறது. வீடியோ ஓட்டத்தைத் தரும். எனினும் பனிபடர்ந்த விடியலின் குளிரையோ, மாலையின் கனத்தையோ, உள்ளங்கையில் உள்ளங்கை வைத்தபோது எழுந்த நடுக்கத்தையோ தராது.

இந்த எல்லையைத் திருநின்றவூரைவிடத் தெளிவாகச் சொல்லும் ஊர் வேறில்லை. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலாரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். கோயில் கட்டப் பொருள் இல்லாத பூசலார், மனத்திலேயே கருங்கல் தேடி, தச்சரை அமர்த்தி, நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, சிகரமும் மதிலும் குளமும் ஒவ்வொன்றாக எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருக்க, இறைவன் அவன் கனவில் தோன்றி, அன்று தாம் பூசலாரின் கோயிலில் புகவிருப்பதால், உன் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள் என்றார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து அக்கோயில் எங்கே என்று தேடியபோது, எவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. இன்று அங்கே இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. ஆனால் பூசலார் கட்டியதற்குப் படம் இல்லை, இருக்கவும் முடியாது.

பல்லவனின் கோயில் பொய்யென்று இவ்வரலாறு கூறவில்லை. கண்ணுக்குப் புலனாவதே முழு உண்மை என்ற எண்ணத்தை மட்டுமே மறுக்கிறது. மணநாளில் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு பூசலார் கோயில் எழுகிறது. ஆல்பம் அதன் வாசலில் வைத்த விளக்கைப் போன்றது. உள்ளே நுழைய வேண்டியவர் நினைப்பவர். ஒரு படத்தைப் பார்த்ததும் அன்று கேட்ட குரல் காதில் விழுவது, படத்தில் குரல் இருந்ததனால் அன்று, பார்ப்பவரிடம் கோயில் இருந்ததனால். அந்நாளில் அதைக் கட்டாமல், படம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கேமராவிடம் ஒப்படைத்துவிட்டவருக்கு, எத்தனை ஆயிரம் படம் கிடைத்தாலும் அவை பிறர் திருமணத்தின் படங்கள்போலவே தோன்றும். அந்தக் குறைக்குப் புகைப்படக்காரரை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

இவ்வாறு பிரித்துணர்ந்தபின், எதிர்பார்ப்பு தன் இயல்பான அளவுக்கு வந்து சேர்கிறது. சாட்சி அவைக்கு உரியது, நினைவு மனத்துக்கு உரியது, காட்சி ஒன்றே புகைப்படக்காரரிடம் கேட்கத்தக்கது. அதையும் வராதவர்களின் பொருட்டு, வந்தவர்களை வராதவர்களாக்காமல் தர வேண்டும் என்பதே அவருக்கு இடத்தக்க நிபந்தனை. நின்றவூரில் கண்ணுக்குத் தெரிந்த விழா, தெரியாத விழாவுக்காகத் தன் நாளை மாற்றிக்கொண்டது. வேற்காட்டு வரலாறும் இதே முறைமையைத்தான் காட்டுகிறது: அகத்தியர் வரவில்லை என்பதற்காகக் கயிலையில் திருமணம் நிறுத்தி வைக்கப்படவில்லை, அவர் காண வேண்டும் என்பதற்காக மங்கல நாண் இரண்டாம் முறை பூட்டப்படவுமில்லை. திருமணம் தன் வேளையில் நடந்து முடிந்தது. காட்சி பிறகு, தெற்கே, அவரைத் தேடி வந்தது.